எக்ஸ்ஓ-1 லேப்டாப்பில் ஃபர்ம்வேர் மாற்றமும் ஓவர்க்ளாக்கும்: கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஓஎல்பிசி ('ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்') திட்டத்தின் எக்ஸ்ஓ-1, பச்சையும் வெள்ளையுமாக இரண்டு காது ஆன்டெனாவோடு வந்த அந்தப் பள்ளிக்கூட லேப்டாப், 2007 நவம்பரில் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. பெரு, உருகுவே பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் போனது. அதே சமயம் வட அமெரிக்காவில் 399 டாலருக்கு 'ஒன்று கொடு, ஒன்று பெறு' திட்டத்தில் வாங்கியவர்களும் உண்டு. இன்று பழைய பொருள் சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு வழியில் வந்தவைதான். ஏஎம்டி ஜியோட் எல்எக்ஸ்-700 சிபியு, 433 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி மெமரி, 1 ஜிபி நேண்ட் ஃப்ளாஷ் சேமிப்பு. இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை, கொஞ்சம் வேகம் கூட்டலாமே என்பது.

கூட்டலாம். இதன் ஃபர்ம்வேர், அதாவது இயக்கியதும் முதலில் ஓடும் நிரல், மிட்ச் பிராட்லி எழுதிய ஓபன் ஃபர்ம்வேர். மூல நிரல் திறந்தது. உள்ளே ஒரு முழு ஃபோர்த் மொழியே உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு திறந்த மனதோடு செய்யப்பட்ட மலிவு லேப்டாப் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓவர்க்ளாக் (சிப்பைத் தொழிற்சாலை வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்தபின் "கெட்டுப்போச்சு" என்று மூலையில் வைக்கப்படும் மெஷின்களில் பாதிக்கு மேல் ஓவர்க்ளாக்கால் கெட்டவை அல்ல என்பதே என் எண்ணம். பேட்டரி செத்திருக்கும், கடிகாரம் நின்றிருக்கும், ஒரு விசை ஒட்டிக்கொண்டிருக்கும். வயதின் கோளாறுகளை முதலில் கழித்துவிட்டு, அப்புறம் மல்டிப்ளையர் (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) பக்கம் வாருங்கள். கீழே அறிகுறிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது எல்லாம் எக்ஸ்ஓ-1க்கு மட்டும். எக்ஸ்ஓ-1.5இல் இருப்பது வியா சிபியு, 1.75உம் 4உம் ஆர்ம் வகை. வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால் ஏமாறாதீர்கள். ஃபர்ம்வேர் பதிப்பின் பெயர் க்யூ2 என்று தொடங்கினால் அது எக்ஸ்ஓ-1, க்யூ3 என்றால் 1.5. கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் உள்ள கோடுகளோடு தட்ட வேண்டும்.

கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே வேலை, இப்போதிருக்கும் ஃபர்ம்வேரைப் பிரதி எடுப்பது. ஓகே வரியில் (ஃபர்ம்வேருக்குக் கட்டளை கொடுக்கும் இடம், அங்கே போகும் வழி கீழே வருகிறது) 'சேவ்-ஃப்ளாஷ்' என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, பென் டிரைவில் சேமிக்கும் கோப்பின் பெயரைக் கொடுங்கள். 1 எம்பி கோப்பு ஒன்று கிடைக்கும். உங்கள் மெஷினின் சீரியல் எண், விசைப்பலகை மொழி, பாதுகாப்புக் குறிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதனால் அந்தக் கோப்பு அந்த மெஷினுக்கு மட்டுமே சொந்தம். இன்னொரு எக்ஸ்ஓவில் அதை எழுதினால் இரண்டு மெஷினுக்கும் ஒரே அடையாளம் வந்துவிடக்கூடும்.

## பவர் பட்டனை அழுத்தினால் ஒரு லைட்டும் எரியவில்லை

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், அடாப்டரையும் பிடுங்குங்கள். அரை நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் செருகி பட்டனை அழுத்திப் பாருங்கள். இது ஏன் வேலை செய்கிறது என்றால், எக்ஸ்ஓவில் பவர், பேட்டரி, விசைப்பலகை மூன்றையும் கவனிப்பது ஈசி எனப்படும் தனி சிப். சிபியு அணைந்திருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அது சிக்கிக்கொண்டால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பலன் இல்லை. மின்சாரம் முழுவதும் போனால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

அதன்பிறகும் உயிர் இல்லையென்றால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். எக்ஸ்ஓ 11 முதல் 18 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும், எனவே அந்த எல்லைக்குள் இருக்கிற, முனை பொருந்துகிற வேறு நல்ல அடாப்டரை வைத்துப் பார்க்கலாம். முனையின் துருவம் சரியா என்று மீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

இந்த அறிகுறி ஃபர்ம்வேர் எழுதிய அடுத்த நொடியில் வந்திருந்தால் மட்டும் கதை வேறு. ஈசியின் நிரலும் ஃபர்ம்வேர் இருக்கும் அதே 1 எம்பி எஸ்பிஐ ஃப்ளாஷ் சிப்பில்தான் இருக்கிறது. எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் ஈசிக்கே நிரல் இல்லாமல் போய்விடும். அப்போது வெளியிலிருந்து சிப்பை நேரடியாக எழுதும் ப்ரோகிராமர்தான் வழி. சேவ்-ஃப்ளாஷ் செய்த கோப்பு அப்போது தங்கம்.

## பேட்டரி லைட் சிவப்பாக மினுக்குகிறது

நிலையான சிவப்பு என்றால் சார்ஜ் குறைவு என்று அர்த்தம். மினுக்கினால் பேட்டரியை ஏற்க ஈசி மறுக்கிறது என்று அர்த்தம். பல வருடம் அலமாரியில் கிடந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளுக்கு இது சகஜம். வோல்டேஜ் அளவுக்கு மீறி இறங்கிவிட்டால் சார்ஜ் ஏற்றவே ஈசி முன்வராது.

இதற்காகவே 'பேட்மேன்' என்ற ஃபோர்த் ஸ்கிரிப்ட் உண்டு. பென் டிரைவில் போட்டு ஓகே வரியில் ஏற்றினால் 'பேட்-ரிக்கவர்' என்ற கட்டளை கிடைக்கும். அது சிறிய மின்னோட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஈசி ஒப்புக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவரப் பார்க்கும். பக்கத்திலேயே இருந்து செய்யுங்கள். பேட்டரி சூடாகிறது அல்லது உப்பியிருக்கிறது என்றால் உடனே விட்டுவிடுங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி வந்த எக்ஸ்ஓக்களும் உண்டு, அவற்றில் இதைச் செய்ய வேண்டாம்.

ஓவர்க்ளாக் கட்டுரையில் பேட்டரிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நல்ல பேட்டரி இல்லாமல் ஃபர்ம்வேரை எழுதவே விடாது, அதனால்தான்.

## எஸ்கேப் அழுத்தியும் ஓகே வரி வரவில்லை

சரியான தருணம் முக்கியம். பட்டனை அழுத்தியதும் தொடக்க இசை கேட்கும். அதைத் தொடர்ந்து சில நொடிக்கு எண்ணிக்கை இறங்கும். அந்த இடைவெளியில் விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள எஸ்கேப்பை அழுத்த வேண்டும். வெள்ளைத் திரையில் பதிப்பு விவரங்கள், அதன் கீழே 'ஓகே' என்ற இரண்டு எழுத்து, பக்கத்தில் கர்சர். இது வந்துவிட்டால் மெஷின் உங்கள் கையில்.

எண்ணிக்கையே காட்டாமல் நேராகப் படங்களோடு பூட் ஆகிறதா? பாதுகாப்பு இன்னும் நீக்கப்படவில்லை. திரையின் வலப்பக்கம் உள்ள நான்கு விளையாட்டுப் பட்டன்களில் சரி (✓) குறி போட்ட பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இயக்கினால், படங்களுக்குப் பதில் ஃபர்ம்வேர் பேசும் செய்திகள் தெரியும். எங்கே நிற்கிறது என்று அதில் புரிந்துவிடும். பாதுகாப்பை நீக்க அந்த மெஷினின் சீரியல் எண்ணுக்கு வழங்கப்பட்ட டெவலப்பர் சாவி வேண்டும். 'டெவலப்' என்ற பெயரும் 'சிக்' என்ற பின்னொட்டும் கொண்ட அந்தக் கோப்பை, பென் டிரைவில் 'செக்யூரிட்டி' என்ற ஃபோல்டருக்குள் வையுங்கள். செருகி இயக்கினால் எஸ்கேப் வேலை செய்யும். பழைய மெஷின் வாங்கும்போதே, பாதுகாப்பு நீக்கியதா என்று கேட்டு வாங்குவது எவ்வளவோ நல்லது.

ஓகே வரி வந்ததும் 'டிசேபிள்-செக்யூரிட்டி' என்று தட்டுங்கள். பலர் இங்கே குழம்புகிறார்கள். முதல் முறை தட்டியதும் எஸ்பிஐ ஃப்ளாஷில் எழுத அனுமதி பெறுவதற்காக மறுதொடக்கம் செய்கிறேன் என்று சொல்லி மெஷின் ரீசெட் ஆகும். வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். திரும்ப எஸ்கேப் அழுத்தி ஓகே வரிக்கு வந்து அதே கட்டளையை இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பு நீக்கிய மெஷினிலும் எஸ்கேப் எடுபடவில்லை என்றால் விசைப்பலகைதான். எக்ஸ்ஓவின் பச்சை ரப்பர் விசைப்பலகையில் விசைகள் அழுந்தியபடியே ஒட்டிக்கொள்ளும் நோய் பரவலானது, முக்கியமாக கன்ட்ரோல், ஆல்ட் விசைகள். ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள், ஓபன் ஃபர்ம்வேர் அதை ஏற்றுக்கொள்ளும்.

## தேதி தவறு என்று சொல்லி நின்றுவிடுகிறது

மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது அதைப் பிடித்திருக்கும் தகடு தளர்ந்துவிட்டது. எக்ஸ்ஓவில் மதர்போர்டு விசைப்பலகைக்கு அடியில் இல்லை, திரைக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் திரைப் பகுதியைத்தான் திறக்க வேண்டும். தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, தகட்டை மெல்ல நிமிர்த்திவிட்டு, புது பேட்டரி போடுங்கள்.

அப்புறம் நேரத்தை அமைக்க வேண்டும். ஓகே வரியில் 'செலக்ட்' தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு ஆர்டிசி சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த வரியில் 'டெசிமல்' என்று தொடங்கி நொடி, நிமிடம், மணி, தேதி, மாதம், வருடம் என்ற வரிசையில் ஆறு எண்கள், கடைசியில் 'செட்-டைம்'. எண்கள் முன்னால், செயல் பின்னால். ஃபோர்த் அப்படித்தான் பேசும், தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது மாதிரி. நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கட்டும். புள்ளியோடு 'க்ளாக்' என்று தட்டினால் அமைத்தது சரியா என்று காட்டும்.

## சோக முகம் காட்டி நிற்கிறது

பூட் ஆகத் தகுந்த இயங்குதளம் எதுவும் ஃபர்ம்வேருக்குக் கிடைக்கவில்லை. பாதுகாப்பு உள்ள மெஷின் என்றால், கையொப்பமிட்ட பிம்பம் இல்லை. 8.2.1 வெளியீட்டின் (802ஆம் கட்டுமானம்) கையொப்பமிட்ட கோப்புகளை எஃப்ஏடி பென் டிரைவில் போட்டு, நான்கு விளையாட்டுப் பட்டன்களையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு இயக்கினால் நேண்ட் முழுவதும் புதிதாக எழுதப்படும். உள்ளே இருப்பவை அத்தனையும் போய்விடும், அதனால் முதலில் வேறு பென் டிரைவிலிருந்தோ எஸ்டி கார்டிலிருந்தோ பூட் செய்து கோப்புகளை மீட்கப் பாருங்கள்.

ஓவர்க்ளாக் செய்த பிறகு இந்த முகம் வந்தால் உடனே நேண்டை அழிக்கக் கூடாது. முதலில் பழைய வேகத்துக்குத் திரும்பிப் பாருங்கள். மெமரி தடுமாறும்போது படித்த தரவு தவறாக வந்து, நல்ல கோப்பே கெட்டதாகத் தெரியும்.

## ஃப்ளாஷ் கட்டளை எழுத மறுக்கிறது

புது ஃபர்ம்வேரை எழுதும் கட்டளை 'ஃப்ளாஷ்'. பின்னால் பென் டிரைவில் உள்ள கோப்பின் பெயர். அது முதலில் கரண்டைப் பார்க்கும். அடாப்டரும் வேண்டும், போதிய சார்ஜ் உள்ள பேட்டரியும் வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் மறுத்துவிடும். இந்தச் சோதனையை ஃபோர்த்தில் ஒரே வரியில் முடக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. முடக்காதீர்கள். எழுதும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மின்தடை வந்தால் ஈசி நிரலும் சேர்ந்து போகும் என்று மேலே பார்த்தோம். பேட்டரியைக் கடன் வாங்கியாவது போடுங்கள்.

கோப்பின் சரிபார்ப்புத் தொகை தவறு என்று மறுத்தால் கோப்பு சிதைந்திருக்கிறது, அல்லது நீங்களே தொகுத்ததில் கடைசிப் படி விடுபட்டிருக்கிறது. கோப்பே இல்லை என்கிறதா? பென் டிரைவை எஃப்ஏடி முறையில், ஒரே பார்ட்டிஷனாக மாற்றி, கோப்புக்குச் சிறிய பெயர் வைத்துப் பாருங்கள். சில பெரிய பென் டிரைவ்களோடு பழைய ஃபர்ம்வேர் ஒத்துப்போவதில்லை, பழைய சின்ன டிரைவ் ஒன்று இருந்தால் எடுத்து வையுங்கள்.

## பூட் ஸ்கிரிப்ட் எழுதினேன், கண்டுகொள்ளவே இல்லை

ஃபர்ம்வேரை மாற்றி எழுதாமலே அதன் நடத்தையை மாற்ற இதுதான் நல்ல வழி. 'பூட்' ஃபோல்டருக்குள் ஓஎல்பிசி என்ற பெயரில், எஃப்டிஎச் பின்னொட்டோடு ஒரு கோப்பு. ஃபர்ம்வேர் முதலில் யுஎஸ்பி, அடுத்து எஸ்டி கார்டு, கடைசியில் நேண்ட் என்று தேடி, முதலில் கிடைப்பதை ஓட்டும். பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய நிலை. இதைவிடப் பத்திரமான சோதனைக்களம் கிடையாது.

கண்டுகொள்ளாததற்குக் காரணம் அநேகமாக முதல் வரி. கோப்பின் முதல் எழுத்து பின்சாய்கோடு, இரண்டாவது எழுத்து இடைவெளி, இப்படித் தொடங்கினால்தான் அது ஃபோர்த் ஸ்கிரிப்ட் என்று ஃபர்ம்வேருக்குப் புரியும். மேலே ஒரு வெற்று வரி இருந்தாலோ, நோட்பேட் மாதிரியான செயலி கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத குறியைச் சேர்த்துவிட்டாலோ, அதைக் கடந்து போய்விடும். பாதுகாப்பு நீக்காத மெஷின் இந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது.

ஓடுகிறது, ஆனால் எண்கள் தாறுமாறாக இருக்கின்றன என்றால் இதைக் கவனியுங்கள்: ஓபன் ஃபர்ம்வேரில் எண்கள் இயல்பாகவே ஹெக்ஸ், அதாவது பதினாறடிமானம். நீங்கள் 15 என்று எழுதினால் அது 21 என்று எடுத்துக்கொள்ளும். மல்டிப்ளையரைப் பதினைந்தாக்க நினைத்தவர் இருபத்தொன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு பத்தடிமான எண்ணுக்கும் முன்னால் 'டி' எழுத்தும் ஹேஷ் குறியும் போட்டு, இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் வையுங்கள். ஹெக்ஸுக்கு 'எச்' எழுத்தும் ஹேஷும். இயல்பு எதுவாக இருந்தாலும் கேள்விக்கே இடமில்லை.

ஸ்கிரிப்டில் தவறு இருந்தால் ஓகே வரியில் வந்து நிற்கும், அவ்வளவுதான். மெஷின் கெட்டதாக அர்த்தமில்லை.

## வேகத்தை மாற்றினேன், இன்னும் 433தான் காட்டுகிறது

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஜியோட் எல்எக்ஸில் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு எம்எஸ்ஆர் பதிவகம், அதாவது சிப்புக்குள்ளேயே அதன் அமைப்புகளை வைத்திருக்கும் ஒரு இடம். அதன் முகவரி ஹெக்ஸில் 4சி000014. அடிப்படைக் கடிகாரம் 33.3 மெகாஹெர்ட்ஸ். அதைச் சிபியுவுக்கு 13ஆல் பெருக்கினால் 433. உள் பாதைக்கும் மெமரிக்கும் 10ஆல் பெருக்கினால் 333. இந்த இரண்டு பெருக்கெண்களும் பதிவகத்தின் மேல் 32 பிட்டுக்குள் இருக்கின்றன. பிட் 1 முதல் 5 வரை சிபியு, பிட் 7 முதல் 11 வரை பாதை. இரண்டிலும் பெருக்கெண்ணில் ஒன்று கழித்த எண்தான் எழுதப்பட்டிருக்கும். பிட் 0, பிட் 6 இரண்டும் முன்வகுப்பிக்கானவை, அவற்றை இருந்தபடியே விட்டுவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிபியு 13, ஒன்று கழித்தால் 12, ஒரு பிட் இடதுபுறம் நகர்த்தினால் ஹெக்ஸில் 18. பாதை 10, ஒன்று கழித்தால் 9, ஏழு பிட் நகர்த்தினால் ஹெக்ஸில் 480. கூட்டினால் 498. இது தொழிற்சாலை வேகம். சிபியுவை மட்டும் 15க்கு உயர்த்தினால் 49சி, அதாவது 500 மெகாஹெர்ட்ஸ், மெமரி அப்படியே. பாதையையும் 12க்கு உயர்த்தினால் 59சி, அதாவது 500உம் 400உம். லினக்ஸில் எம்எஸ்ஆர் கருவிகளை நிறுவி, எம்எஸ்ஆர் மாட்யூலை ஏற்றி, 'ஆர்டிஎம்எஸ்ஆர்' கட்டளையில் அந்த முகவரியைக் கொடுத்தால் இப்போது என்ன இருக்கிறது என்று படிக்கலாம். படிப்பதால் ஒரு கெடுதலும் இல்லை.

சரி, லினக்ஸிலிருந்தே எழுதிவிட்டால் என்ன? எழுதினாலும் கடிகாரம் உடனே மாறாது. அதே பதிவகத்தின் கீழ்ப் பாதியில் உள்ள சிப் ரீசெட் பிட்டைப் போட்டு, சிப் மறுபடி தொடங்கினால்தான் புது மல்டிப்ளையர் நடைமுறைக்கு வரும். ரீசெட் ஆனதும் முதலில் ஓடுவது ஃபர்ம்வேர். அதன் தொடக்க நிரல் தன்னிடம் உள்ள 433 மதிப்பையே மீண்டும் எழுதினால் நீங்கள் செய்தது அழிந்துபோகும். அதனால்தான் நிரந்தர ஓவர்க்ளாக் ஃபர்ம்வேருக்குள், மெமரியைத் தயார் செய்வதற்கும் முந்தைய வரிகளில், செய்யப்பட வேண்டியிருக்கிறது. ஓபன் ஃபர்ம்வேரின் மூல நிரலில் சிபியு, எக்ஸ்86, பிசி, ஓஎல்பிசி என்று இறங்கும் ஃபோல்டரின் உள்ளே 'பில்ட்' இருக்கிறது. லினக்ஸில் அங்கே போய் 'மேக்' கொடுத்தால் ரோம் கோப்பு வரும். முதலில் எதையும் மாற்றாமல் தொகுத்து, அந்த ரோமை எழுதி, மெஷின் பழையபடி ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடினால் மட்டுமே மதிப்பை மாற்றுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், பிறகு வரும் கோளாறு தொகுப்பாலா வேகத்தாலா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

## ரீசெட் ஆகிறது, மறுபடி மறுபடி ரீசெட் ஆகிறது

தொடக்க நிரல் ஒவ்வொரு முறையும் மல்டிப்ளையரை எழுதி, ரீசெட் செய்து, திரும்ப முதலிலிருந்து வருகிறது. ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொள்ள அதற்கு ஒரு அடையாளம் வேண்டும். இதற்காகவே அந்தப் பதிவகத்தில் மென்பொருள் கொடி என்று சில பிட்டுகள் உண்டு. சிப் ரீசெட்டில் அவை அழியாது. கொடி இருந்தால் தாண்டிப் போ, இல்லையென்றால் மதிப்பை எழுதி, கொடியைப் போட்டு, ரீசெட் செய் என்பதே சரியான வரிசை. மேல் பாதியை மாற்றும் அவசரத்தில் கீழ்ப் பாதியில் கொடி பிட்டைச் சேர்த்து அழித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.



## பவர் லைட் எரிகிறது, இசை இல்லை, திரை இருட்டு

லைட் எரிந்தால் ஈசி உயிரோடு இருக்கிறது. சிபியு ஃபர்ம்வேரை ஓட்டவில்லை, அல்லது ஓட்டத் தொடங்கி மெமரியைத் தயார் செய்யும் இடத்தில் விழுந்துவிட்டது. 59சி போன்ற மதிப்பைப் போட்ட பிறகு இது வந்தால் பின்னதாகவே இருக்கும். எக்ஸ்ஓவின் மெமரி சிப்கள் டிடிஆர்333 வேகத்துக்கானவை. 400இல் சில மெஷின்கள் ஓடும், சில ஓடாது. குளிர்ந்த நிலையில் ஓடி, சூடானபின் விழுபவையும் உண்டு.

சீரியல் கேபிள் இருந்தால் இங்கே பெரிய உதவி. மதர்போர்டில் நான்கு முள் கனெக்டர் இருக்கிறது. 115200 வேகம், 3.3 வோல்ட். பழைய கணினிகளின் ஆர்எஸ்-232 போர்ட்டை நேரடியாக இணைத்தால் அந்த வோல்டேஜ் போர்டைக் கொன்றுவிடும், 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் அடாப்டர்தான் வேண்டும். இயக்கியதும் ஒரு எழுத்தாவது வருகிறதா என்று பாருங்கள். வந்து நின்றால் மெமரி, எதுவுமே வராவிட்டால் அதற்கும் முன்னால்.

மீட்க இரண்டு வழி. இன்னொரு நல்ல எக்ஸ்ஓவை ஓகே வரியில் வைத்து, சீரியல் வழியாக இதன் எஸ்பிஐ சிப்பை எழுதும் வசதி ஓபன் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. மெதுவாக நடக்கும், ஆனால் சாலிடர் வேலை கிடையாது. இல்லையென்றால் எஸ்பிஐ ப்ரோகிராமர். அந்தச் சிப்பை ஈசியும் பங்குபோட்டுப் பயன்படுத்துவதால், போர்டிலேயே கிளிப் மாட்டி எழுதும்போது படிப்பு தடுமாறலாம். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே எழுதுங்கள்.

## பூட் ஆகிறது, ஆனால் திரையில் புள்ளிகள், செயலிகள் காரணமின்றி மூடிக்கொள்கின்றன

எக்ஸ்ஓவில் தனி வீடியோ மெமரி கிடையாது. திரையில் தெரிவதும் பிரதான மெமரியின் ஒரு பகுதியிலிருந்துதான் வருகிறது. அதனால் மெமரி தடுமாறினால் கண்ணுக்கே தெரிந்துவிடும், ஒரு வகையில் நல்லது. புள்ளிகள், கோடுகள் தெரிந்தால் பாதையை 10க்கே இறக்குங்கள், சிபியு 15இலேயே இருக்கட்டும். புள்ளிகள் மறைந்தால் குற்றவாளி மெமரி வேகம், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

திரை சுத்தமாக இருக்கிறது, ஆனால் கெர்னல் பிழைகள் வருகின்றன, பெரிய கோப்பைச் சுருக்கி விரித்தால் சரிபார்ப்புத் தொகை மாறுகிறது என்றால் சிபியு எல்லை தாண்டிவிட்டது. 14க்கு இறங்குங்கள், 466 மெகாஹெர்ட்ஸ். ஏஎம்டியின் இதே குடும்பத்தில் எல்எக்ஸ்-800 சிப் 500 மெகாஹெர்ட்ஸில் 0.9 வாட், எக்ஸ்ஓவில் உள்ள எல்எக்ஸ்-700 433இல் 0.8 வாட். அதனால் 500 என்பது இந்தச் சிப்புக்குப் பெரிய தாவல் அல்ல, பெரும்பாலும் தாங்கும். 600 மெகாஹெர்ட்ஸ் எல்எக்ஸ்-900 அப்படியல்ல, அது 1.5 வாட் எடுக்கும், கூடுதல் வோல்டேஜ் கேட்கும். எக்ஸ்ஓவில் மின்விசிறி கிடையாது, திரைக்குப் பின்னால் ஒரு உலோகத் தகடு மட்டும் வெப்பத்தைப் பரப்புகிறது. 500க்கு மேல் போகாதீர்கள் என்பதே என் ஆலோசனை.

இந்த நிலையில் மெஷினை நேண்டிலிருந்து பூட் செய்து சோதிக்காதீர்கள். தடுமாறும் மெமரியிலிருந்து நேண்டுக்குத் தவறான தரவு எழுதப்பட்டால், வேகத்தைக் குறைத்த பிறகும் அந்தச் சேதம் அப்படியே இருக்கும். சோதனை முடியும்வரை எஸ்டி கார்டிலிருந்தே பூட் செய்யுங்கள். ஓகே வரியில் 'டெஸ்ட்-ஆல்' கொடுத்து மெமரி சோதனையையும் ஓட்டுங்கள், மெஷின் நன்றாகச் சூடான பிறகு இன்னொரு முறையும்.

## மூடித் திறந்தால் எழவில்லை

தூக்கத்தில் எக்ஸ்ஓவின் சிபியு முழுவதும் அணைந்துவிடும். எழும்போதும் ஃபர்ம்வேரின் தொடக்க நிரல் வழியாகத்தான் வரும். அந்த வழியில் உங்கள் புது மதிப்பும் கொடியும் சரியாக அமைக்கப்படாவிட்டால், ஒரு வேகத்தில் தூங்கி வேறு வேகத்தில் எழும். மெமரியின் காத்திருப்பு அளவுகள் பொருந்தாமல் தொங்கிவிடும். குளிர் தொடக்கத்துக்கும் தூக்கத்திலிருந்து எழுவதற்கும் பொதுவான இடத்தில் மாற்றத்தை வைத்திருக்கிறீர்களா என்று மூல நிரலில் பாருங்கள். அதுவரை எக்ஸ்ஓவின் முகப்புத் திரையான சுகரின் அமைப்புப் பலகையில் தானியங்கி மின் மேலாண்மையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டாலே தூங்கப் போய், நீங்கள் மூடாமலே தொங்கி நிற்கும்.

## வைஃபை காணாமல் போகிறது, கர்சர் துள்ளுகிறது

இரண்டும் ஓவர்க்ளாக்கால் அல்ல. நாம் மாற்றுவது பெருக்கெண்ணை மட்டும், அடிப்படைக் கடிகாரத்தை அல்ல. அதனால் யுஎஸ்பி, பிசிஐ வேகங்கள் மாறுவதில்லை. யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும் மார்வெல் வைஃபை சிப் தொழிற்சாலை வேகத்திலும் அவ்வப்போது மறைந்துபோகும். பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றி மாட்டினால் திரும்பி வரும். கர்சர் துள்ளினால் விசைப்பலகையின் நான்கு மூலை விசைகளையும் ஒன்றாக அழுத்தி டச்பேடை மறுசீரமைக்கலாம். விரல் ஈரமாக இருந்தாலும் துள்ளும்.

## 500இல் நிலையாக ஓடுகிறது, ஆனாலும் மந்தமாகவே இருக்கிறது

433இலிருந்து 500 என்பது சுமார் 15 சதவீதம். அது எங்கே தெரியும் என்றால், நேண்டிலிருந்து கோப்பு படிக்கும்போது. நேண்டில் உள்ள ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைமை எல்லாவற்றையும் சுருக்கி வைத்திருக்கிறது, படிக்கும்போது விரிப்பது சிபியுவின் வேலை. அதனால் செயலிகள் திறக்கும் நேரம் கொஞ்சம் குறையும். உலாவியில் பெரிய பக்கம் திறந்ததும் மெஷின் உறைகிறது என்றால் அது 256 எம்பி மெமரி நிரம்பியதால், மல்டிப்ளையர் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல எஸ்டி கார்டு ஒன்று வாங்கி, அதில் 256 அல்லது 512 எம்பி அளவுக்கு ஸ்வாப் (மெமரி நிரம்பும்போது கைகொடுக்கும் இடம்) பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். ஸ்வாப்பை நேண்டில் வைக்கக் கூடாது, ஓயாமல் எழுதி அதைத் தேய்த்துவிடும், நேண்டை மாற்றவும் முடியாது. கார்டு தேய்ந்தால் வேறு கார்டு போட்டுக்கொள்ளலாம். இயங்குதளத்தையும் அதே கார்டுக்கு மாற்றி, ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டும் திறந்து வைத்துப் பாருங்கள். இவ்வளவும் செய்துவிட்டு 13க்கும் 15க்கும் மாறி மாறி ஓட்டினால் உங்கள் வேலைக்கு அந்தப் பதினைந்து சதவீதம் தேவையா என்று தெரிந்துவிடும். தேவையில்லை என்று தோன்றினால் சேமித்து வைத்த பழைய ரோமைத் திரும்ப எழுதி, அடாப்டரும் பேட்டரியும் மாட்டியிருக்கும்போதே, அது ஒழுங்காக பூட் ஆவதைப் பார்த்துவிட்டு மூடியை மூடுங்கள்.